சந்திரகிரி வழியா, அலிபிரி வழியா?

புரட்டாசி சனிக்கிழமை வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, பெருமாளுக்குத் தளிகை. மற்றொன்று, தளிகை முடிந்து இலை போட்டதும் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் நடக்கும் சண்டை. எங்கள் தாத்தா எந்த வழியாகத் திருமலை ஏறினார் என்பதுதான் வழக்கு.

"எங்கப்பா சந்திரகிரி ஸ்டேஷன்ல இறங்கித்தான் மலை ஏறினாரு. என்கிட்ட நூறு தடவ சொல்லியிருக்காரு" என்பார் சித்தப்பா.

"அப்படின்னா எங்கம்மா முழங்கால் முடிச்சுல கால் கழண்டு போச்சுன்னு சொன்னது பொய்யா? அது அலிபிரி வழியிலதானே இருக்குது?" என்பார் அத்தை.

அத்தைக்கு வயது 86, சித்தப்பாவுக்கு 82. இந்தச் சண்டைக்கு ஐம்பது வயதாவது இருக்கும். சாம்பார் ஆறிவிடும், சண்டை ஆறாது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது இதை வேடிக்கை பார்த்தோம். பிறகு காதில் வாங்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டோம். என் அப்பா மட்டும் இந்தப் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார். உண்மையில் அந்த யாத்திரையே அவருக்காகத்தான். 1933-ல் பிறந்த அவருக்கு மூன்று வயதில் முடி இறக்க வேண்டும் என்று தாத்தாவும் ஆயாவும் வேண்டிக்கொண்டு, சேரப்பணஞ்சேரியிலிருந்து திருமலைக்குப் போய் வந்தார்கள். போகும்போதும் வரும்போதும் அப்பா தாத்தாவின் தோளில்தான் இருந்தாராம். அவருக்கு எதுவும் நினைவில்லை.

இன்றைக்கு நம் ஊரிலிருந்து திருப்பதி போவது ஒரு பொருட்டே இல்லை. ஒரகடம் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர், திருத்தணி, புத்தூர் என்று கார் பிடித்தால் காலையில் கிளம்பி மதியத்துக்குள் மலைமேல் இருக்கலாம். 1936-ல் மலைக்குச் சாலையே கிடையாது. முதல் மலைப்பாதை 1944-ல்தான் திறக்கப்பட்டது. இரண்டாவது 1974-ல் வந்தது. இப்போது ஏறுவதற்கு இரண்டாவது சாலை, இறங்குவதற்கு முதல் சாலை. அதற்கு முன்னால் மலைமேல் போக வேண்டுமானால் நடக்க வேண்டும், முடியாதவர்கள் டோலியில் போக வேண்டும். ராஜாவுக்கும் அதே வழிதான், கூலிக்காரனுக்கும் அதே வழிதான்.

அப்போது நமக்கும் திருப்பதிக்கும் நடுவில் மாநில எல்லையும் இல்லை. சித்தூர் மாவட்டமும் செங்கல்பட்டு மாவட்டமும் சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தன. 1953-ல் ஆந்திரம் பிரிந்ததும், ம.பொ.சி. முதலானோரின் வட எல்லைப் போராட்டமும், 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நம் பக்கம் வந்ததும் பிற்பாடு நடந்தவை. தாத்தாவைப் பொறுத்தவரை வேங்கடமலை நம் வடக்குத் திசையில் இருக்கும் மலை, அவ்வளவுதான்.

நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து 2016-ல் ஓய்வு பெற்றவன். பாதைத் தகராறு என்றால் எனக்குப் பழகிய சோறு. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் இரண்டு பெரியவர்கள், சுடுகாட்டுக்குப் போகும் பழைய பாதை எது என்று எனக்கு முன்னால் அடித்துக்கொள்ளாத குறையாக நின்றார்கள். ஒருவர் ஏரிக்குள் இறங்கிப் போகும் தடத்தைக் காட்டினார். மற்றவர் கரைமேல் சுற்றிப் போகும் தடத்தைக் காட்டினார். புலப்படத்தை விரித்துவைத்துக்கொண்டு நான் விழித்தேன். தலையாரி மெதுவாக வந்து, "சார், ஏரி காஞ்சா அது வழி, ரொம்பினா இது வழி" என்றார். இருவரும் சொன்னது உண்மை. இருவரும் பாதி உண்மை. பொய்சாட்சி சொல்கிறான் என்று ஒருவனை முடிவு கட்டுவதற்கு முன்னால், அவன் எந்தக் காலத்தில், எந்தத் திசையிலிருந்து வந்தான் என்று கேட்க வேண்டும் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டேன் என்று எழுதுகிறேனே தவிர, சொந்த வீட்டு வழக்கில் அதைக் கோட்டை விட்டேன்.

2009-ல் அப்பாவைத் திருப்பதிக்கு அழைத்துப் போனேன். அவருக்கு அப்போது 76 வயது. மூட்டு வலி, நடக்க முடியாது. பஸ்ஸில் போனோம். அலிபிரி சோதனைச் சாவடியில் பஸ் நின்றபோது, நடைபாதை தொடங்கும் இடத்தையும் அங்கே நிற்கும் கோபுரத்தையும் காட்டி, "இதோ, தாத்தா உங்களைத் தூக்கிக்கிட்டு ஏறின வழி இதுதான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அப்பா சன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இது இல்லடா. ஏறும்போது வழியில கோபுரமே வரலன்னு எங்கப்பா சொல்லுவாரு."

"எத்தனை வருஷத்துக் கதை. தாத்தா மறந்திருப்பாரு" என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. 2012-ல் அவர் காலமானார்.

ஓய்வுக்குப் பிறகு கையில் நேரம் இருக்கிறதே. தாத்தா, ஆயா இருவரும் சொன்னதாக வீட்டில் யார் யாருக்கு என்ன நினைவிருக்கிறதோ அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கூடவே திருமலையின் வழிகளைப் பற்றிப் படிக்கவும் தொடங்கினேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அந்த மலைக்கு வழி ஒன்றல்ல என்பது.

சேஷாசலம் என்பது ஏழு மலை என்று நாம் சொல்லும் மலைத்தொடர். திருமலை ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே அடிவாரத்தில் பழைய கருங்கல் பாறை, மேலே படிவப் பாறை. இரண்டும் சேரும் இடத்தை மலைச்சாலை ஓரத்தில் பலகை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு பாறைகளுக்கும் நடுவில் பல கோடி ஆண்டுகள் இடைவெளி என்பதால் அது தேசிய நிலவியல் சின்னம். மேலே கோயிலுக்கு அருகில் இருக்கும் சிலாதோரணமும் அப்படியே. பெரியவர்கள் பலரும் சிலாதோரணத்தைப் பார்த்திருப்பீர்கள், பலகையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நடப்பவனுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. அந்த மேல் பாறை பல இடங்களில் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. நினைத்த இடத்தில் ஏறிவிட முடியாது. சுவர் உடைந்து பள்ளத்தாக்கு இறங்கும் இடங்களில்தான் மனிதன் வழி கண்டிருக்கிறான். எந்தத் திசையிலிருந்து வந்தானோ அந்தத் திசையில் கிடைத்த பிளவுதான் அவனுக்கு வாசல்.

கடப்பைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மாமண்டூர் பக்கமாகக் காட்டுக்குள் புகுந்து ஏறினார்கள். தாள்ளபாக்கத்தில் 1408-ல் பிறந்த அன்னமாச்சாரியார் சிறுவனாக ஓடிவந்த வழி அது என்று சொல்லி, அதை அன்னமய்யா வழி என்றே அழைக்கிறார்கள்.

மேற்கே சந்திரகிரிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஸ்ரீவாரி மெட்டு. சந்திரகிரி விஜயநகர அரசர்களின் கோட்டை. தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு கடைசிக் காலத்தில் அவர்களுக்கு அதுவே தலைநகரும் ஆயிற்று. 1639-ல் ஆங்கிலேயருக்குச் சென்னையில் இடம் கிடைத்தபோது அந்த வம்சம்தான் இந்தப் பக்கம் ஆண்டுகொண்டிருந்தது. கிருஷ்ணதேவராயர் 1513-ல் தொடங்கி ஏழு முறை திருமலைக்கு வந்தார் என்பதற்குக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவர் ஏறியது ஸ்ரீவாரி மெட்டு வழியாக என்பது அந்த ஊர்க்காரர்கள் நம்பிக்கை. வழியில் ஸ்ரீனிவாச மங்காபுரம் கோயில் இருக்கிறது. இன்றைக்குக் கூட்டம் அலைமோதும் அந்தக் கோயில் ஒரு காலத்தில் பூசையின்றிப் பாழடைந்து கிடந்தது.

கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிறவர்களுக்கு, அதாவது கீழ்த்திருப்பதி ஊரிலிருந்து ஏறுகிறவர்களுக்கு, அலிபிரி. இது நமக்குச் சொந்தமான வழி என்று கூடச் சொல்லலாம். நம் ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் அவதரித்த ராமானுஜர் தம் தாய்மாமன் திருமலை நம்பியிடம் ஓராண்டு ராமாயணம் கேட்டது இந்த அடிவாரத்தில் என்று வைணவப் பெரியவர்கள் சொல்வார்கள். மலையே ஆதிசேஷன், அதன்மேல் கால் வைப்பதா என்று தயங்கியவர், முழங்காலால் ஊர்ந்து ஏறினாராம். அந்த இடம்தான் முழங்கால் முடிச்சு. தெலுங்கில் மோகாள்ள மெட்டு. படிகள் ஒவ்வொன்றும் உயரமாக, முழங்கால் முகத்தில் இடிக்கும் அளவுக்குச் செங்குத்து. அங்கே ராமானுஜருக்கு ஒரு சந்நிதியும் உண்டு.

அலிபிரி வழியில் 3,550 படிகள், சுமார் 9 கிலோமீட்டர். முதல் இரண்டாயிரம் படிகளைத் தாண்டினால் காலி கோபுரம் வரும். காலி என்றால் நம்மவர்கள் வெறும் கோபுரம் என்று நினைத்துக்கொள்வார்கள். தெலுங்கில் காலி என்றால் காற்று. நின்றால் அப்படிக் காற்று வீசும் இடம். இரவில் அதன்மேல் எரியும் நாமமும் சங்கு சக்கரமும் கீழே ஊருக்கே தெரியும். அதற்கப்புறம் பாதை கொஞ்சம் சமன். மான் பூங்கா, நரசிம்மர் கோயில், அவ்வாச்சாரி கோனைப் பள்ளத்தாக்கு எல்லாம் தாண்டி, அப்பாடா என்று நினைக்கும்போது முழங்கால் முடிச்சு வந்து நிற்கும். ஸ்ரீவாரி மெட்டில் 2,388 படிகள், தூரம் 2.1 கிலோமீட்டர் மட்டும். குறுக்கு வழி, ஆனால் மூச்சு முட்டும்.

இதையெல்லாம் நோட்டின் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, எதிர்ப்பக்கத்தில் வீட்டுச் சாட்சியங்களை எழுதினேன்.

தாத்தா சொன்னதாகச் சித்தப்பா: சந்திரகிரி ஸ்டேஷனில் இறங்கினோம். மலையடியில் அரண்மனை தெரிந்தது. ஒரு பாழுங்கோயில் மண்டபத்தில் படுத்தோம். விடிவதற்கு முன்னால் ஏற ஆரம்பித்து, வெயில் சுடுவதற்கு முன்னால் மேலே போய்விட்டோம்.

தாத்தா சொன்னதாக அப்பா: ஏறும்போது வழியில் கோபுரம் வரவில்லை.

ஆயா சொன்னதாக அத்தை: முழங்கால் முடிச்சில் கால் கழன்றது. காற்றடிக்கும் கோபுரத்தில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றோம். கபில தீர்த்தத்தில் குளித்தோம். கோவிந்தராஜரைச் சேவித்தோம்.

தாத்தாவின் சாட்சியம் மொத்தமும் ஸ்ரீவாரி மெட்டு. ஆயாவின் சாட்சியம் மொத்தமும் அலிபிரி. ஒரே ஜோடி, ஒரே யாத்திரை. சேர்ந்து போனவர்கள் ஆளுக்கொரு வழியிலா ஏறியிருப்பார்கள்?

2023 புரட்டாசியில் நோட்டை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். "அத்தை, ஆயா சொன்னதை அப்படியே அவங்க வார்த்தையில சொல்லுங்க. நீங்க எதுவும் சேர்க்காதீங்க" என்றேன். சாட்சியிடம் சர்வேயர் கேட்கும் முறை அது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"முழங்கால் முடிச்சுல எறங்க சொல்ல என் முட்டி ரெண்டும் கழண்டு போச்சுடி. உங்கப்பாரு புள்ளைய தோள்ல வெச்சிக்கினு முன்னால போயிக்கினே இருக்காரு, திரும்பிக்கூட பாக்கல."

நான் நிறுத்தச் சொன்னேன். "இன்னொரு தடவ சொல்லுங்க." அதையே சொன்னார். எறங்க சொல்ல. இறங்கும்போது! அத்தை ஐம்பது வருடமாக அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். முட்டி வலி என்றதும் ஏறுவது என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம். படி இறங்குகிறவர்களுக்குத்தான் முட்டி போகும் என்பது அறுபது தாண்டிய எங்கள் யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

அதன் பிறகு மற்றதெல்லாம் தானாக இடத்தில் வந்து உட்கார்ந்தது. தாத்தாவின் அக்காவைக் குடியாத்தத்தில் கொடுத்திருந்தது. முதலில் அங்கே போய், அக்கா குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். குடியாத்தத்திலிருந்து காட்பாடி வந்தால், அங்கிருந்து பாகாலா வழியாகத் திருப்பதிக்கு அந்தக் காலத்து மீட்டர் கேஜ் ரயில். திருப்பதிக்கு முன்னால் வரும் ஸ்டேஷன்களில் ஒன்றுதான் சந்திரகிரி. மேற்கிலிருந்து வருகிறவர்கள் மேற்கு வாசலில் இறங்கி ஏறிவிட்டார்கள். சாமி பார்த்து, குழந்தைக்கு முடி இறக்கி, திரும்பும்போது வந்த வழியே போக வேண்டிய அவசியம் இல்லை. கபில தீர்த்தமும் கோவிந்தராஜரும் அலமேலு மங்காபுரமும் கீழே கிழக்குப் பக்கம்தான் இருக்கின்றன. அதனால் அலிபிரி வழியாக இறங்கி, அவற்றையும் சேவித்து, திருப்பதியில் ரயில் ஏறி, ரேணிகுண்டாவில் மாறி, அரக்கோணத்தில் மாறி, காஞ்சிபுரம் தாண்டி வாலாஜாபாத்தில் இறங்கி, அங்கிருந்து இருபது கிலோமீட்டர் மாட்டுவண்டியில் வீடு வந்திருக்கிறார்கள். அக்கா குடும்பம் வந்த வழியே குடியாத்தம் திரும்பியிருக்கும்.

தாத்தா ஏறிய கதையைச் சொன்னார். ஆயா இறங்கிய கதையைச் சொன்னாள். பிள்ளைகள் ஆளுக்குப் பாதியைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வருடம் சண்டை போட்டார்கள்.

காகிதத்தில் முடித்தால் சர்வேயருக்குத் திருப்தி வராது. 2024 பிப்ரவரியில் மருமகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஸ்ரீனிவாச மங்காபுரத்தில் தரிசனம் முடித்து, காலை ஆறு மணிக்கு ஸ்ரீவாரி மெட்டில் ஏறத் தொடங்கினேன். 2021 நவம்பர் மழையில் இந்தப் பாதை பாறை சரிந்து சேதமாகி, 2022 மே மாதம்தான் மறுபடி திறந்தார்கள். படிகளெல்லாம் இப்போது ஒழுங்காக, நிழற்கூரையோடு இருக்கின்றன. பெண்கள் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்து ஏறுகிறார்கள். ஓடுகிற பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறார்கள். எனக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஐம்பது படிக்கு ஒரு முறை உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலெல்லாம் திரும்பிப் பார்த்தேன். மேலே போய்ச் சேரும்வரை, நுழைவில் புதிதாகக் கட்டியதைத் தவிர, காலி கோபுரம் மாதிரி ஒரு பழைய கோபுரம் குறுக்கே வரவில்லை.

மறுநாள் அலிபிரி வழியாக இறங்கினேன். மருமகன் வேண்டாம் என்றார். முந்தைய வருடம் ஆகஸ்டில் அந்தப் பாதையில் ஒரு குழந்தையைச் சிறுத்தை கொண்டுபோன துயரம் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு நடப்பவர்களுக்குக் கையில் கம்பு கொடுத்தார்கள், கூட்டமாகப் போகச் சொன்னார்கள், மதியத்துக்கு மேல் சிறு பிள்ளைகளை விடவில்லை. நாங்கள் காலையிலேயே ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டோம். சேஷாசலம் செம்மரக் காடு. அங்கே குடியிருப்பது அவை. நாம் வழிப்போக்கர்கள். தாத்தா காலத்தில் விடியுமுன் கோவிந்தா கோஷம் போட்டுக்கொண்டு கூட்டமாக ஏறியதில் பக்தியும் இருந்தது, பாதுகாப்பும் இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முழங்கால் முடிச்சில் இறங்கும்போது என் இரண்டு முட்டியும் கழன்றது. ஆயா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை தோளில் இல்லாமலேயே எனக்கு இந்தக் கதி. தாத்தா திரும்பிப் பார்க்காமல் போனதற்குக் காரணமும் அங்கேதான் புரிந்தது. தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தப் படிகளில் தலையைத் திருப்பினால் கால் தவறும். ஆயாவுக்கு அது கடைசிவரை குறையாகவே இருந்தது. அவர் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்து ஆண்கள் எங்கே சொல்கிறார்கள்?

இப்போது திருப்பதி என்றால் எல்லோரையும் ஒரே சாலை கொண்டுபோய் ஒரே சாவடியில் நிறுத்துகிறது. சௌகரியம்தான், மறுக்கவில்லை. சாலை இல்லாவிட்டால் என் அப்பா 76 வயதில் பெருமாளைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் சாலை வந்த பிறகு, எல்லோரும் எப்போதும் அந்த வழியாகத்தான் போனார்கள் என்று நாம் நினைக்கத் தொடங்கிவிட்டோம். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் மலை ஏறிய கதை ஒன்று இருக்கும். அதில் ஏதோ ஒரு ஸ்டேஷன் பெயரோ மண்டபமோ பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும். மறந்துவிட்டார்கள் என்று தள்ளாதீர்கள். எங்கிருந்து கிளம்பினார்கள், எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

சென்ற புரட்டாசியில் தளிகை முடிந்ததும் நோட்டை விரித்து இருவருக்கும் படித்துக் காட்டினேன். சித்தப்பா, "நான்தான் சொன்னேனே, சந்திரகிரின்னு" என்றார். அத்தை, "நான்தான் சொன்னேனே, முழங்கால் முடிச்சுன்னு" என்றார். இருவரும் ஜெயித்த சந்தோஷத்தில் பாயசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

என்னால் பாயசத்தில் கை வைக்க முடியவில்லை. ஸ்ரீவாரி மெட்டின் மேல் படியில் நின்றபோது நான் சொன்ன வார்த்தையைத்தான் அங்கேயும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நீங்கள் சொன்னது சரிதான் அப்பா. இந்த வழியில் கோபுரம் இல்லை.